சோப்பு டப்பா மைக்செட்

“சோப்பு டப்பாவுக்குள்ள நாலு கம்பிய ஒட்டவச்சா அதுக்குப் பேரு மைக்செட்டாலே?”

சங்கரன்கோவில் தேரடி மேடையில் ஏறிய கட்சித் தலைவர் கோட்டைச்சாமி, மைக்செட் ஆவுடையப்பனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இந்தத் திருகு எதுக்கு?”

“வெளிய போற சத்தத்தக் குறைக்கதுக்கு அண்ணாச்சி.”

“என் சத்தத்தையா? தொட்டா கைய முறிச்சிருவேன்.”

காலடியிலிருந்த சின்ன ஸ்பீக்கர் அதிர, இரண்டு மணி நேரம் முழங்கினார்.

“பாத்தியாலே! போன கூட்டத்துல பாதியில எந்திரிச்சுப் போன பயலுவ, இன்னைக்கு ஒருத்தன் அசையல.” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் கட்சிப் பொருளாளர் ஓடிவந்தார். “போதும்டே, இனிமே சத்தத்தக் கூட்டு. அடுத்து நடக்கப்போற நாடகத்துக்குத்தான ஊரே உக்காந்திருக்கு.”

ஆவுடையப்பன் திருகினான்.

தெருவெங்கும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள், அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தன.