ஊட்டினால்தான் உண்ணும் பவளம்

மீன் தொட்டியின் நீல வெளிச்சத்தில் கணவனின் வழுக்கை மினுங்குகிறது. அதில் அவன் வளர்க்கும் கடல் பவளம், மற்றப் பவளங்களைப் போல விளக்கொளியிலேயே வயிறு வளர்க்கும் ரகமில்லை. ஒவ்வொரு வாயாகப் பார்த்து ஊட்ட வேண்டும். ஒரு வாரமாக இறுக மூடிக் கிடந்தது, இப்போதுதான் ஆரஞ்சு இதழ்களை விரிக்கிறது. அவன் தண்ணீர் பம்பை நிறுத்திவிட்டு, சொட்டுக்குழாயில் மீன் துணுக்கோடு குனிந்திருக்கிறான். “ஆ காட்டு செல்லம், இன்னும் கொஞ்சம்...” அடுக்களையிலிருந்து எண்ணெய்க் கரண்டியோடு வந்து நிற்கும் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “நம்ம புள்ளைக்கு ஒரு வாய் ஊட்டியிருப்பீங்களா? கல்லைப் போய்க் கொஞ்சுறீங்க!” “கத்தாதே, மூடிக்கும்.” துணுக்கு மெல்ல உள்ளே போகிறது. அவளும் தன்னையறியாமல் கிட்டே வந்து, தானே விழுங்குவதுபோல் வாயை அசைக்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பாறை இடுக்கிலிருந்து ஒரு மீசைக்கார இறால் ஓடிவந்து, பாதி விழுங்கியதை இழுக்கிறது. “அடப்பாவி! பச்சப்புள்ள வாயிலிருந்தா புடுங்குற?” அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே தொட்டிக்குள் இறங்குகிறது. இறால் தீனியோடு ஓடிவிடுகிறது. தண்ணீரின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மினுங்குகிறது. பவளம் அத்தனை வாய்களையும் மூடிக்கொள்கிறது. திறந்தே இருப்பது கணவனுடைய வாய் மட்டும்தான்.