பதினெட்டாயிரம் மைக்ரோராட்

"நூத்தியெண்பது! எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்று கத்திய பிரபு, மணலைத் தொட்ட கையுறையைக் கழற்றித் தூர எறிந்தான். "இந்தத் திட்டு முழுக்கக் கதிர்வீச்சு!"

திருவான்மியூரைத் தாண்டிய கடலோரம். வலை காயப்போடும் மணல்திட்டைச் சுற்றிக் குப்பமே கூடியிருந்தது. முகமூடியும் வெள்ளை அங்கியுமாக, கையில் மீட்டரோடு நின்றிருந்த பிரபுவை ஒட்டினாற்போல் நின்றார் கட்டடக்காரர் கங்காதரன். அவருடைய தி.நகர் பங்குதாரர்கள் இருவரும் காரைவிட்டு இறங்கவேயில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் ஏஞ்சல். திட்டை வளைத்துப்போட்டு அடுக்குமாடி எழுப்ப வருஷக்கணக்காக அலைகிறவர் இந்தக் கங்காதரன். நயமாகப் பேசிப் பார்த்தார், ஆள் வைத்து மிரட்டிப் பார்த்தார், குப்பம் மசியவில்லை. இப்போது விஞ்ஞானத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்!

அடையாறில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் அவளுக்கு வேலை. எந்த நோயாளிக்கு எவ்வளவு கதிர் பாய்ச்சுவது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவள். அங்கேயே விடுதியில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவாள்.

நேற்றுகூட ஒரு சின்னக் குழந்தைக்கான கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்திருந்தாள். அதே அலகுகளை இங்கே ஒருத்தன் வித்தைக்காரன் ரிப்பன் உருவுகிற மாதிரி வாயிலிருந்து உருவிக்கொண்டிருந்தான்.

"நூத்தியெண்பதுன்னா இன்னா தம்பி அர்த்தம்?" கங்காதரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என்ன நடிப்பு என்று பல்லைக் கடித்தாள் ஏஞ்சல்.

"ஒரு மணி நேரத்துக்கு நூத்தியெண்பது மைக்ரோகிரே சார். பழைய கணக்குல சொன்னா பதினெட்டாயிரம் மைக்ரோராட்! இதுமேல ராத்திரி பகலா குடியிருந்தா வருஷம் திரும்பறதுக்குள்ள ரத்தம் கெட்டுடும். வயித்துல புள்ள தங்காது."

"எங்க மீனுக்கு ஏதாச்சும் ஆவுமா?" என்று கேட்டாள் கூடையோடு நின்ற குப்பம்மா.

"மீனுக்கு ஒண்ணும் இல்லக்கா. கடல்லயும் கிடையாது, உங்க வீடுங்க பக்கமும் கிடையாது. இந்தத் திட்டுல மட்டும்தான்."

குப்பம்மா சமாதானமாகத் தலையாட்டினாள். கங்காதரன் கண் வைத்த இடத்தில் மட்டும் கதிர்வீச்சாம்! இவனும் எங்கேயோ படித்துப் பட்டம் வாங்கியவன்தானே என்று நினைத்தபோது ஏஞ்சலுக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டடி முன்னால் எடுத்து வைத்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா கெட. உனுக்கு இன்னா தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்கும்மா தெரியும்?"

பாவம், அம்மா பயந்து போயிருக்கிறாள். கையை உதறிக்கொண்டு போனவள் பிரபுவிடமிருந்து மீட்டரைப் பிடுங்கிப் பார்த்தாள். 180 என்றுதான் காட்டியது. ஆனால் ஓரத்தில், கடுகளவில், ஆங்கில 'என்' எழுத்து.

"படிக்கத் தெரியுமா சார் உங்களுக்கு? இது மைக்ரோகிரே இல்ல, நானோகிரே."

பிரபுவின் நெற்றி வியர்த்தது. "மேடம், ப்ளீஸ். தனியா பேசலாம், வாங்க."

"எதுக்குத் தனியா? எல்லாரும் கேக்கட்டும்!" அவள் குரல் கார்வரைக்கும் போனது. "ஆயிரம் நானோ சேர்ந்தாத்தான் ஒரு மைக்ரோ. நூத்தியெண்பது நானோன்னா ஒரு மைக்ரோகிரேல அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல. உங்க பழைய கணக்குக்கே வரேன். பதினெட்டாயிரம் மைக்ரோராட் இல்ல, வெறும் பதினெட்டு! மூணு சைபரை உங்க வாயால சேர்த்திருக்கீங்க."

"இல்ல மேடம், மீட்டர்ல..."

"மீட்டர் சரியாத்தான் காட்டுது. நீங்கதான் பொய் சொல்றீங்க. கிரானைட் தரை போட்ட வீட்டுல உக்காந்தாக்கூட இவ்ளோ வரும். இந்தத் திட்டுல நூறு வருஷம் குடியிருந்தாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கதிர்வீச்சுங்கற வார்த்தையைக் கேட்டு ராத்திரியெல்லாம் அழுவற தாய்ங்களை நான் தினம் பாக்கறேன். அதை வெச்சா பொழைக்கறீங்க? த்தூ!"

மணலில் காறித் துப்பினாள். குப்பமே ஓவென்று ஆர்ப்பரிக்கும் என்று எதிர்பார்த்தாள். ஆனால் குப்பம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிரபு முகமூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடையைக் கட்டினான்.

கார்க் கதவுகள் திறந்தன. பங்குதாரர்கள் இருவரும் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மணலில் இறங்கி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

கங்காதரன் ஓடிவந்து ஏஞ்சலின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். "தெய்வம்மா நீ! இந்த எடமே வேணாம்னு ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. வயித்துல பாலை வார்த்துட்டே. எடத்துக்காரர்கிட்ட பேசி முடிச்சாச்சு, நாளைக்கே பத்திரம் பதிஞ்சுடறோம்."

அவருடைய கை வியர்வையில் பிசுபிசுத்தது. கையை உருவி துப்பட்டாவில் அழுந்தத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அந்தப் பிசுபிசுப்பு போகாத மாதிரியே இருந்தது.

"இவரு எதுக்கும்மா எனக்கு நன்றி சொல்றாரு?"

படகு விளிம்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"அந்த மீட்டர்க்காரனை இட்டுக்கினு வந்ததே நாங்கதான்டி."