புதுத் தட்டில் பெரட்டு

தானா ராத்தாவில் சேக் தாவூதின் கடைக்குப் புது இசைத்தட்டு வந்தால், முதலில் கேட்டுச் சொல்வது தேயிலைத் தோட்டத்து இருளப்பன்தான். அவன் 'ஓடும்' என்றால் பாய் ஈப்போவிலிருந்து இன்னும் பத்துத் தட்டு தருவிப்பார்.

அது, வெள்ளைக்காரனை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் புகுந்திருந்த அவசரகாலத்து மூன்றாம் வருடம். அந்த ஞாயிறு இருளப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவிக்குப் பிறந்த பிள்ளையைப் பார்க்க மதிய லோரியில் மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்க வேண்டும். போன வாரம் அதே லோரியைக் காட்டுக்குள்ளிருந்து சுட்டதில் தோட்டத்து ஆட்கள் மூவர் செத்திருந்தார்கள்.

"ஒரு பாட்டுதான் லா, கேட்டுட்டுப் போ" என்று பாய் முள்ளை வைத்தார்.

குரல் புதிது. ஆர்மோனியம்தான் கொஞ்சம் தூக்கல். "ஓடும் பாய்" என்று எழுந்தவன் அப்படியே நின்றான். பாட்டு முடிந்தும் தட்டு ஓயவில்லை. அவன் தோட்டத்துக் கங்காணியின் குரல் கேட்டது. விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுகிற அதே இழுப்பு.

"சன்னாசி!"

"வந்தேங்க."

"மூக்காயி!"

"வந்தேங்க."

"பெரியண்ணன்!"

"வந்தேங்க."

செத்த மூவரின் குரல்கள்.

"இருளப்பன்!"

பதினைந்து வருடப் பழக்கம். "வந்தேங்க" என்று அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது. தட்டு நின்றது.

"இன்னொரு தடவை வைங்க பாய்."

பாய் சாவி கொடுத்து முள்ளை வைத்தார். மறுபடி பாட்டு, பெயர்கள், மூன்று பதில்கள்.

"இருளப்பன்!"

இம்முறை அவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"வந்தேங்க" என்றது தட்டு, அவன் குரலில்.

வெளியே தாப்பா லோரி ஹாரன் அடித்தது.