212ஆம் தகடு

பிளாஸ்டிக் இதய வால்வு பொருத்திக்கொள்வது பல் கட்டுவதுபோல் ஆகிவிட்ட காலம் அது, கண்ணுகளா. வால்வு செய்யும் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு துண்டு வெட்டி, பிளேடால் சின்னக் கீறல் போட்டு, அது கிழியும்வரை இயந்திரத்தில் இழுத்துப் பார்ப்பதுதான் ரெஜினாவின் வேலை. துண்டுக்கு ஒரு புது பிளேடு என்பது விதி. வீணாக்க மனம் வராமல், அவள் ஒரே பிளேடை நாள் முழுக்க வைத்துக்கொள்வாள்.

புதிதாகச் சேர்ந்த மைதீன், கை பழகுவதற்காக 212ஆம் தகட்டின் மீதித் துண்டைப் புது பிளேடால் கீறி இழுத்தான். தாங்க வேண்டிய பாரத்தில் பாதியிலேயே விரிசல் ஓடிவிட்டது.

"நான் இழுத்தப்ப இந்தப் பாரத்துக்கு அசையவே இல்லையே தம்பி."

"பிளேடு மழுங்கினா கீறலோட முனையும் மழுங்கிடும்க்கா. அப்ப எந்தத் துண்டும் பலசாலிதான்."

இருப்பதிலேயே உறுதியானது என்று, போன மாதம் தன் கணவருக்கு ரெஜினா கேட்டு வாங்கிப் பொருத்தியது 212இல் செய்த வால்வு.

அவருக்குப் போன் போட்டாள்.

"ரெஜி, மூணு மாடியும் நிக்காம ஏறிட்டேன். நீ பொறுக்கின வால்வாச்சே," என்றார் சவரிமுத்து.

"அங்கேயே உக்காருங்க," என்றாள். "நான் வர்றவரைக்கும் சிரிக்கக்கூட வேண்டாம்."