பஞ்சுமிட்டாய்க்கு அனுமதி இல்லை

கடுகு டப்பாவில் கிடந்த இருபது ரூபாய் நோட்டைப் பார்த்து, போனுக்குள் இருந்த டிஜிட்டல் சர்க்கார் காசு மூக்கைப் பொத்திக்கொண்டது. "சீ, பெருங்காய வாடை! என்னைப் பாரு, எவ்வளவு சுத்தம்!"

பூங்கொடி இரண்டையும் எடுத்துக்கொண்டு மகளோடு தேர் பார்க்கப் போனாள். பிள்ளை பஞ்சுமிட்டாய் கேட்டு அழுதது. வியாபாரியிடம் முதலில் போனைத்தான் நீட்டினாள்.

"இரும்மா, மேலிடத்தில் கேட்டுட்டு வரேன்" என்று போன சர்க்கார் காசு, கனைத்துக்கொண்டு திரும்பியது. "அரிசி பருப்புக்குத்தான் நான் செல்லுவேனாம். மிட்டாய் கேட்டது யாருன்னு விசாரிச்சாங்க. பாப்பா பேரைச் சொல்லிட்டேன்."

"நீ காசா, கோள்மூட்டியா?" என்று சிரித்த நோட்டு, முந்தானை முடிச்சிலிருந்து குதித்து வியாபாரியின் மடிக்குள் புகுந்தது.

"ஏய், யார்கிட்ட போறே? எதுக்குப் போறே? சொல்லிட்டுப் போ!"

"பாப்பா நாக்கு சிவந்திருக்கும். அதைப் பாத்து நீயே எழுதி அனுப்பிக்கோ, போடா!"