மருமகள் வசனம்

“அத்தை! நானும் மனுஷிதானே? எனக்குப் பசிக்காதா? உங்களுக்கு மட்டும் சுடச்சுட சோறு, எனக்கு நேத்து வடிச்சதா?”

வேதா தொண்டை கிழியக் கத்தினாள்.

“மெதுவா கத்தேன்டி!” சமையலறையிலிருந்து அம்மா கஸ்தூரி அதட்டினாள். “செங்கம் ரோடு பூரா கேக்குது.”

“கேக்கணும்மா. மெட்ராஸ் நாடகக் காலேஜ்ல ஒண்டியா நடிச்சுக் காட்டினாத்தான் சீட்டு.”

“அதுக்குள்ள என் மானம் போயிடும்.”

போய்க்கொண்டுதான் இருந்தது. தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான் ஒத்திகை. கிரிவலம் போன பெரியவர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“எம்மா, அண்ணாமலையார் பாத்துக்கினு இருக்காரு. மருமவளுக்கு ஒரு கரண்டி சூடான சோறு போட்டா கொறைஞ்சா போயிடுவ?”

“ஐயோ, அது மருமவ இல்லீங்க. நான் பெத்த பொண்ணு!”

“பெத்த பொண்ணுக்கேவா!” பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஆராயி வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

“கஸ்தூரி, உம்பொண்ணு என்னைத்தானே சாடை பேசறா?”

“நாடகம்க்கா அது!”

“இன்னா நாடகமோ! தெருவே எங்க வூட்டத்தான் பாக்குது. எனக்கு சோறு எறங்கல.”

அன்றைக்கு வேதாவுக்கு நல்ல திட்டு. “அத்தையை வுட்டுட்டு வேற எதையாவது பேசித் தொலையேன்டி!”

வேதா கேட்கவில்லை. அதே வசனத்தைத்தான் மெட்ராஸில் பேசினாள். சீட்டு கிடைத்தது. பெட்டியோடு அவள் பஸ் ஏறியதும், “அப்பாடா, இனிமே காது தப்பிச்சுது” என்றாள் கஸ்தூரி.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட வந்த அவள் கணவன் ராஜமாணிக்கம் வாசலிலேயே திகைத்து நின்றான்.

உள்ளே கஸ்தூரி, சுவரைப் பார்த்து, பாதி வசனத்தை மறந்து, மீதியை முழுங்கிக் கத்திக்கொண்டிருந்தாள்.

“அத்தே! நானும் மனுஷிதானே! எனக்கு... எனக்கும்... பசிக்காதா!”

“ஏய், எங்கம்மா செத்து எத்தினி வருஷம் ஆச்சு! இப்ப எதுக்குடி சண்டை?”

“சும்மா இருங்க!” முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள் கஸ்தூரி. “வேதா கத்த ஆரம்பிச்ச அப்புறந்தான் ஆராயி அக்கா அவங்க மருமவ சரசுவுக்கு சூடா சோறு போட்டுக்கினு இருந்தாங்க. இன்னிக்கு சத்தம் இல்லைன்னதும், மறுபடி பழைய சோத்துப் பானையைத் தொறந்துட்டாங்க!”