அக்கரைக்கு ஒரு மூட்டை

இருட்டிய பிறகு பொந்துக்கு வெளியே எதையோ தரதரவென்று இழுத்துவரும் சத்தம் கேட்டது. குட்டியை அணைத்துக்கொண்டு அணில் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தது. கொட்டை மூட்டையோடு பெருச்சாளி நின்றது.

கூடு பின்னத் தெரிந்த அணில்களை அக்கரைக் காடு மார்க் போட்டுக் குடியேற்றிக்கொள்கிறது. ஆனால் ஆறு மாதத் தீனி சொந்தமாகக் கையிருப்பில் இருக்க வேண்டும். தினமும் ஒரு கொட்டையைத் தின்னாமல் எடுத்துவைத்தும், அணில் இரண்டு மாதத் தீனிதான் சேர்த்திருந்தது.

“நாளைக்கு அக்கரையிலிருந்து ஆந்தை கையிருப்பைச் சோதிக்க வருதுல்ல? அது பார்த்துட்டுப் போனதும் மூட்டையை எடுத்துக்கிறேன். கூலியா, பத்துக்கு ஒண்ணு உன் கொட்டையில இருந்து எனக்கு,” என்றது பெருச்சாளி.

“யார் குடுத்ததுன்னு கேட்டா?”

“தாய்மாமன் அன்பளிப்புன்னு எழுதித் தரேன்.”

“எனக்கு மாமாவே கிடையாதே!”

“இனிமே நான்தாம்மா உன் மாமா.”

அணிலுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் குட்டிக்கும் சேர்த்து அக்கரை வாசல் அடைபட்டுவிடும்.

“நீயே சேர்த்து முடிக்கிறதுக்குள்ள வயசு ஏறிடும். வயசு ஏறினா அங்கே மார்க் குறைப்பாங்க. அப்புறம் அழாதே,” என்றது பெருச்சாளி.

அது உண்மைதான் என்று அணிலுக்கும் தெரியும்.

“குறைச்சா குறைக்கட்டும். மூட்டையை மறக்காம எடுத்துட்டுப் போங்க, மாமா,” என்று சொல்லிக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டது அணில்.